கண்பெட்டி

தங்கமாரியின் கண்ணுக்குள் விளம்பரம் ஓடத் தொடங்கியது ஆவணி மாதத்தில். முதலில் வந்தது ஒரு புடவைக் கடை. உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தபோது பானைக்குக் குறுக்கே ஒரு பெண் பட்டுப்புடவையில் நின்று சிரித்தாள். தங்கமாரி இமையை மூடினாள். பானை மறைந்தது. அந்தப் பெண் மறையவில்லை.

அவளுடைய இரண்டு கண்களும் கண்ணாடி உருண்டைகள். ஏழு வருடங்களுக்கு முன்பு, சாத்தூருக்குப் பக்கத்தில் அவள் வேலை பார்க்கும் பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறை வெடித்தது. இரண்டு பேர் அங்கேயே இறந்தார்கள். பதினோரு பேருக்குப் பார்வை போனது. ஒரு வருடம் கழித்து ஆலை நிர்வாகம் அந்தப் பதினோரு பேருக்கும் வெளிநாட்டுக் கண் வாங்கிப் பொருத்தியது. பேப்பரில் படம்கூட வந்தது. கண்ணாடி உருண்டைக்குள் ஒரு சின்னக் கேமரா. அது பார்ப்பதை மூளைக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்க, சோப்பு டப்பா அளவில் ஒரு கம்ப்யூட்டர். அதை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். ஊரில் அதற்குக் கண்பெட்டி என்று பெயர்.

புரட்டாசிக்குள் பெட்டி மோசமாகிவிட்டது. பார்வை பின்தங்கி வந்தது. எதிரில் வந்த ஆள் கடந்து போன பிறகும் அவர் எதிரிலேயே வந்துகொண்டிருந்தார். ஆலையில் படி இறங்கும்போது, இல்லாத ஒரு படியில் கால் வைத்து விழுந்தாள். பெட்டி சுட்டதில் இடுப்பில் தோல் கறுத்தது. செய்த கம்பெனி எப்போதோ மூடப்பட்டிருந்தது. அதனால் அவள் கணவன் குருசாமி ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவளை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு சாத்தூர் பஜாருக்கு வந்தான். அங்கே ஜெபசிங் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். இந்தப் பக்கத்தில் கண்பெட்டியைத் திறக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

"வேற எங்கயும் குடுத்துப் பாத்தீங்களாம்மா?" என்று கேட்டார் ஜெபசிங்.

"ஒரு செல்போன் கடையில புது சாப்ட்வேர் போட்டுவிட்டாக அண்ணாச்சி. ஓசிதான்னு சொன்னாக."

"அதான பாத்தேன். வயரைக் கழட்டுறேன். கொஞ்ச நேரம் இருட்டா இருக்கும். பயப்படாதீங்க."

கடை அணைந்தது. தங்கமாரி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஆறு வருடத்தில் அவள் இருட்டை மறந்திருந்தாள். இருட்டு அவளை மறக்கவில்லை போலிருந்தது. விசைப்பலகை தட்டும் ஓசை கேட்டது.

"முப்பத்தேழு வைரஸ் இருக்கு. முக்காவாசி விளம்பரம் போடுறது. நாலஞ்சு, உங்க பெட்டியை வச்சு எவனோ அவன் வேலையைப் பாத்துக்கிடுறது. அதனாலதான் சுடுது. எல்லாம் செல்போன் கடையில ஏறுனது. ரெண்டு மணி நேரத்துல சுத்தம் பண்ணிரலாம்" என்றார்.

குருசாமி நிம்மதியாக மூச்சு விடுவது கேட்டது. பிறகு விசைப்பலகை ஓசை நின்றது.

"என்ன அண்ணாச்சி?" என்றாள் தங்கமாரி.

"முப்பத்தேழுல ஒண்ணு மட்டும் ரொம்பப் பழசு. நீங்க கண்ணு வச்ச நாள்லயே இருந்திருக்கு. இது உங்களுக்கு ஒரு தொந்தரவும் குடுக்கல. ஒளிஞ்சு இருந்து, பாக்குறத வெளிய அனுப்பியிருக்கு."

"யாருக்கு?"

"அதை அதுல எழுதி வைக்க மாட்டாங்க." ஜெபசிங்கின் குரல் தணிந்தது. "எப்பவும் அனுப்பல. சில முகங்களுக்கு ஒரு பட்டியல் வச்சிருக்கு. வேலை நேரம் இல்லாதப்ப அந்தப் பட்டியல்ல உள்ள அஞ்சு பேரு ஒரே இடத்துல உங்க கண்ணுல பட்டா மட்டும் முழிச்சுக்கிடும். அறுபத்து மூணு படம் இருக்கு. எல்லாம் நீலத் துணிக்கு முன்னால நின்னு எடுத்த படம். கீழ ஒரு நம்பர்."

தங்கமாரிக்கு அந்த நீலத் துணி தெரியும். ஆலையில் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும்போது பின்னால் தொங்கவிடுவார்கள். நம்பர், டோக்கன் நம்பர்.

"அது முழிச்ச நாளும் நேரமும் இருக்கு. மூணு வருசத்துக்கு முந்தி. மார்ச் ஒன்பது சாயங்காலம் அஞ்சரை. மார்ச் பதினாறு. மார்ச் இருபத்து மூணு. எல்லாம் ஞாயித்துக்கிழமை."

"போதும் அண்ணாச்சி" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கமாரியும் ஆலைத் தொழிலாளர் சங்கத்துக்காரர்களும் கருவேலங்காட்டுக்குள் இருந்த பழைய பம்புசெட் அறையில் கூடினார்கள். மருந்து அறையில் அனுமதியில்லாத ரசாயனம் இருந்தது. நான்கு பேர் நிற்க வேண்டிய அறையில் பதினைந்து பேர் நின்றார்கள். இன்னொரு வெடிப்புக்கு முன் அதிகாரிகளிடம் சொல்லிவிட வேண்டும் என்று மாடசாமி சொன்னார். சங்கத்தில் எல்லோருக்கும் அவர்தான் தலைவர் மாதிரி. மனு எழுதி அனுப்பினார்கள். சோதனைக்கு ஆள் வருவதற்கு முந்தின நாள் ஆலை கழுவித் துடைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. மாடசாமியின் சைக்கிள் பையில் ஆலைச் சாமான் இருந்ததாகத் திருட்டு வழக்குப் போட்டார்கள். எட்டு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தார். இன்றுவரை நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் பேசுகிறார். வழக்கு இன்னும் நடக்கிறது.

உள்ளேயிருந்து யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்தது. யார் என்றுதான் தெரியவில்லை. அப்போது தங்கமாரிதான் சொன்னாள், தன்னோடு பம்புசெட் அறைக்கு வந்த பக்கத்து வீட்டுப் பாக்கியம் மதினி ரயில்வே கேட்டுப் பக்கத்தில் மேனேஜர் காரிலிருந்து இறங்கியதைத் தன் கண்ணால் பார்த்ததாக. அதற்குமேல் யாருக்கும் எதுவும் தேவைப்படவில்லை. பாக்கியத்திடம் பேச்சு நின்றது. குழாயடியில் அவள் குடம் வைத்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டார்கள். அவள் மகளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். மகள் திருப்பூருக்குப் போய்விட்டாள். பாக்கியம் ஆலையை விட்டுச் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போனாள்.

"அண்ணாச்சி, அழிச்சிருங்க" என்றான் குருசாமி. "எல்லாத்தையும் சேத்து அழிச்சிருங்க."

"ஏம்மா, நீங்க என்ன சொல்றீங்க?"

"அழிச்சா ஒண்ணும் இருக்காதா?"

"இருக்காது. பட்டியல், தேதி எல்லாம் போயிரும். சுத்தம் பண்றதுன்னா அதுதான். நல்லாக் கண்ணு தெரியும். அழிக்க வேண்டாம்னா பெட்டியை இப்பவே அணைச்சிரணும். ஓடவிட்டா, அங்க உள்ளவன் நெனச்ச நேரத்துல அவனே தொடச்சிருவான். அணைச்சு, சீல் வச்சு, வக்கீல்கிட்ட குடுக்கலாம். மாடசாமி கேஸுக்கு இது ஆகும்."

"அதுவரைக்கும் கண்ணு?"

"தெரியாது. வேற பெட்டி கெடைக்காது. கம்பெனியே இல்லையே. கேஸ் முடிஞ்சு திருப்பிக் குடுக்கும்போது பேட்டரி செத்துப் போயிருந்தா, அதுக்கப்புறமும் கஷ்டந்தான்."

தங்கமாரி இடுப்பில் பெட்டி இருந்த இடத்தைத் தடவினாள். பிறகு, "மத்த பத்துப் பேர் பெட்டியிலயும் இது இருக்குமா?" என்று கேட்டாள்.

ஜெபசிங்கின் நாற்காலி பின்னால் நகர்ந்தது.

"மூணு பெட்டி எங்கிட்ட வந்துச்சு. மூணுலயும் இருந்துச்சு. மொத ரெண்டுல அது என்னன்னு எனக்கு விளங்கல. மூணாவதுல விளங்கிருச்சு. விளங்கியும் அழிச்சேன். வைரஸ் இருந்தது, எடுத்தாச்சுன்னு சொல்லி அனுப்பிட்டேன். அன்னைக்குக் கடை வாசல் வழியாத்தான் மாடசாமியைப் போலீஸ் வேனுல கோர்ட்டுக்குக் கொண்டு போனாங்க." அவர் பெட்டியை மேசையில் வைப்பது கேட்டது. "அதான் இப்ப சொல்லுறேன். நான் முன்னமே சொல்லியிருந்தா உங்களுக்கு இந்தத் தொல்லை இல்ல."

"சங்கத்துல வந்து இதைச் சொல்லுவீகளா?"

"நான் கடை வச்சுப் பிழைக்கிறவன்ம்மா. அந்தப் பட்டியலைக் காகிதத்துல எடுத்துத் தாரேன். என் பேரு வேண்டாம்."

அவள் பெட்டியை அணைக்கச் சொன்னாள். ஜெபசிங் அதை ஒரு கவரில் போட்டு ஒட்டி, காகிதத்தோடு அவள் கையில் கொடுத்தார். குருசாமி மொபெட்டைக் கிளப்பினான். அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். வெயில் முகத்தில் அடித்தது. லாரிகள் இரைந்துகொண்டு கடந்தன.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அவன் வாய் திறந்தான்.

"நீயா வேணும்னு செஞ்ச? மிசினு செஞ்சதுக்கு நீ ஏன் தண்டனை அனுபவிக்கணும்?"

"பாக்கியம் மதினி அனுபவிச்சிட்டுத்தான இருக்கா?"

"அந்த ஒரு வருசம் உனக்கு மறந்து போச்சா தங்கம்? கக்கூசுக்குக்கூட நான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். சுவத்துல முட்டிக்கிட்டு நீ அழுதத நான் பாத்தேன். உனக்குத் தெரியாது, நான் வெளிய போயி அழுவேன். மறுபடியும் அந்த வருசம் எனக்கு வேண்டாம்."

அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

"நாளைக்குச் சங்கத்துல கூட்டம் இருக்கு. காலையில மதினி வீட்டு வரைக்கும் என்னைக் கொண்டுபோய் விடுங்க" என்றாள். "அதுக்குமேல எதுவும் கேக்கல."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் தெருமுனை வரை கொண்டுவந்து விட்டான். உள்ளே வர மறுத்துவிட்டான். தங்கமாரி சுவரைத் தடவிக்கொண்டு எண்ணிப் போனாள். மூன்றாவது வாசலில் யாரோ நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் நின்றதும் உடைக்கும் ஓசை நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது.

"மதினி, நான் தங்கமாரி."

"தெரியுது. எனக்குக் கண்ணு இருக்கு."

உட்கார் என்று பாக்கியம் சொல்லவில்லை. தங்கமாரி நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டி, நீலத் துணிப் படங்கள், ஞாயிற்றுக்கிழமைகள். காகிதத்தை நீட்டினாள். யாரும் வாங்கவில்லை. கடலை ஓடு பிளக்கும் ஓசை மட்டும் விடாமல் கேட்டது.

"எனக்கு முன்னமே தெரியும்" என்றாள் பாக்கியம்.

"என்ன தெரியும்?"

"உன் கண்ணுதான்னு. நீ அம்மை போட்டுப் படுத்திருந்தியே, அந்த வாரம் கூடுனதப் பத்தி மட்டும் அவங்களுக்கு ஒண்ணும் தெரியல. பம்புசெட்டுக்கு வந்த கண்பெட்டிக்காரி நீ ஒருத்திதான். வீட்டுல ஒத்தையா உக்காந்திருந்தா இதெல்லாம் யோசிக்க நேரம் கெடைக்கும்."

"அப்ப ஏன் மதினி சொல்லல?"

"யார்ட்ட சொல்ல? ஆள் காட்டுனவ பழிய இன்னொருத்தி தலையில கட்டப் பாக்குறான்னு சொல்லியிருப்பாக."

தங்கமாரி கையிலிருந்த கவரை இறுக்கிப் பிடித்தாள். "மிசினு செஞ்சது மதினி. எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது."

கடலை உடைக்கும் ஓசை நின்றது.

"மிசினு பாத்துச்சு, அனுப்புச்சு. சரி. பாக்கியந்தான்னு மிசினா சொல்லுச்சு?"

தங்கமாரி நீட்டிய காகிதத்தை மடக்கிக்கொண்டாள்.

"அன்னைக்கு மழை" என்றாள் பாக்கியம். "நனைஞ்சுகிட்டு நின்னேன். அந்த ஆளு காரை நிறுத்தி, ஏறு, கேட்டுல எறக்கி விடுறேன்னாரு. ஏறுனேன். எறங்குனேன். அவ்வளவுதான். ஒருத்தராவது எங்கிட்ட வந்து, ஏம்மா அந்தக் காருல ஏறுனன்னு கேட்டீகளா? நீ பக்கத்து வீட்டுக்காரியா இருந்தவ. பேறுகாலத்துல உனக்குக் கஞ்சி வச்சுக் குடுத்தவ நான். நீயாவது கேட்டியா?"

"கேக்கல."

"அப்ப அந்தப் பொட்டியைச் சுத்தம் பண்ணி என்ன, பண்ணாம என்ன?"

தங்கமாரி சொன்னாள்: "இன்னைக்குக் கூட்டத்துல எல்லாத்தையும் சொல்லப் போறேன். பெட்டியை வக்கீல்கிட்ட குடுக்கப் போறேன்."

"மத்த பத்துப் பேரு என்ன ஆவாக, யோசிச்சியா? எசக்கியம்மா மகளுக்குத் தையில கல்யாணம். அந்த மகளும் கண்பெட்டிக்காரிதான். நாளைக்கு எவன் வீட்டுக்குள்ள விடுவான் அந்தப் புள்ளைய?"

"வேண்டாம்னு சொல்லுறீகளா மதினி?"

"நான் ஒண்ணும் சொல்லல. எங்கிட்ட கேக்காத. என் பேரைச் சொல்லுறதுக்கு முன்னால கேட்டா சொன்ன?" பாக்கியம் எழுந்தாள். முறத்தில் கடலை சரிந்தது. "வாசல்ல கல்லு கெடக்கு. பாத்துப் போ."

கதவு சாத்தும் ஓசை கேட்டது.

சங்கக் கட்டடம் என்பது தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகை. பதினோரு மணிக்குக் கூட்டம். கரண்ட் இல்லாததால் ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டரை ஓட விட்டிருந்தார்கள். அதன் இரைச்சலில் கொட்டகை அதிர்ந்தது. குருசாமி அவளை மேசைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். "நான் இங்க நிக்க மாட்டேன் தங்கம். முடிஞ்சதும் வாரேன்" என்று காதருகே சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

நாற்பது, ஐம்பது பேராவது வந்திருக்க வேண்டும். அவள் உள்ளே வந்தபோது பேச்சும் இருமலும் ஜெனரேட்டர் இரைச்சலையும் மீறிக் கேட்டன. "தங்கமாரி ஏதோ பேசணும்ங்குது. கேப்போம்" என்று மாடசாமி சொன்னார். கொட்டகை அடங்கியது.

அவள் பேசினாள். மேடையில் பேசிப் பழக்கமில்லாதவள். விளம்பரம் வந்ததிலிருந்து தொடங்கினாள். பெட்டியில் ஒளிந்திருந்ததைச் சொன்னாள். அஞ்சு முகம் சேர்ந்து பட்டால் விழித்துக்கொள்ளும் என்பதைச் சொன்னாள். பம்புசெட் அறையில் அவர்கள் கூடியது, எழுதிய மனு, யார் யார் இருந்தார்கள் என்பது, எல்லாம் தன் கண் வழியாகத்தான் ஆலைக்குப் போனது என்றாள். என் பெட்டியில் மட்டும் இல்லை, பதினோரு பேர் பெட்டியிலும் அது இருக்கிறது, மூன்று பெட்டியில் அழித்துவிட்டார்கள், மிச்சம் எட்டு அப்படியே இருக்கிறது, யாரும் போய் அழித்துவிட வேண்டாம், மாடசாமி அண்ணன் கேஸுக்கு அவ்வளவும் வேண்டும் என்றாள். நாற்காலிகள் அசைவது கேட்டது. கோபப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். கோபப்படட்டும். யாராவது எழுந்து கேட்டால் பதில் சொல்லத் தயாராக இருந்தாள்.

"அணைச்சுத்தான் வச்சிருக்கேன்" என்றாள். "இப்ப எனக்கு யாரையும் தெரியல. யாரும் பயப்பட வேண்டாம்."

யாரும் எதுவும் சொல்லவில்லை. ஜெனரேட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கவரை மேசையில் வைத்தாள். மேசை விளிம்பைத் தடவிப் பிடித்தாள். திட்டவாவது செய்யலாமே என்று தோன்றியது.

"மாடசாமி அண்ணே" என்றாள். "ஏதாவது சொல்லச் சொல்லுங்க."

அவர் எழுந்து அருகில் வருவதும், மூச்சு வாங்குவதும் கேட்டது.

"யாருமில்லம்மா. எந்திரிச்சுப் போயிட்டாக."

"எப்ப?"

"பதினோரு பெட்டியிலயும் இருக்குன்னு சொன்ன பாரு, அப்ப. கண்பெட்டிக்காரங்க நாலு பேரு உக்காந்திருந்தாக. எல்லாரும் அவங்களைத் திரும்பிப் பாத்தாக. மொதல்ல அந்த நாலு பேருந்தான் எந்திரிச்சுப் போனாக. வண்டிகள எடுத்துக்கிட்டு வேகமாப் போனாக, சாத்தூர்ப் பக்கம். பெட்டியச் சுத்தம் பண்ணத்தான் இருக்கும். அப்புறம் ஒவ்வொருத்தரா. உன் முகத்துக்கு நேரா வராம, சுவரு ஓரமாப் போனாக. முந்தானையால மூஞ்சிய மூடிக்கிட்டுப் போனவங்களும் உண்டு."

மாடசாமி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தார்.

"அப்ப நான் யார்ட்ட பேசிக்கிட்டிருந்தேன்?"

"நான் இருந்தேன்." அவர் மூச்சை இழுத்துக்கொண்டார். "அங்கன ஒரு ஆள் இருக்கு. நீ ஆரம்பிச்சப்புறம் வந்துச்சு."

கொட்டகையின் பின்பக்கத்தில், கடைசி வரிசையிலிருந்து ஒரு நாற்காலி தரையில் இழுபடும் ஓசை கேட்டது. அது ஒவ்வொரு வரிசையாகத் தாண்டி முன்னால் வந்தது. மூன்று வருடமாக இந்தக் கொட்டகைக்குள் வராத ஒருத்தி அதை அவளுக்கு நேர் எதிரில் போட்டு உட்கார்ந்தாள். அவள் முந்தானையில் செங்கல் சூளைப் புகை வாசம் இருந்தது.

"பொட்டி செஞ்சதச் சொல்லி முடிச்சிட்ட" என்றாள் பாக்கியம். "மிச்சத்தையும் சொல்லு."

தங்கமாரி குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். மாடசாமி ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு வரும்வரை காத்திருந்தாள். பிறகு, காலி நாற்காலிகளுக்கும் கேட்கும்படியான குரலில், பாக்கியத்தைப் பற்றி அன்று தான் சொன்னதைச் சொல்லத் தொடங்கினாள்.